வாசகர் கேள்விகள்: தளர்ந்த இதயமும் தவறாகக் கணக்கிடும் உடலும்

சென்ற மாதம் இப்பகுதியில் இதயச் செயலிழப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தச் சொல் மாரடைப்பையோ இதயம் நின்றுபோவதையோ குறிப்பதில்லை. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைச் சிரமமின்றி அனுப்ப இதயத்தால் இயலாமல் போகும் நாள்பட்ட நிலையைக் குறிக்கிறது என்று அதில் விளக்கியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பல, கால் வீக்கம், சோடியம், இருமல், மாத்திரைகளின் எண்ணிக்கை என்று வேறு வேறு கவலைகளைச் சொல்கின்றன. வெளிப்பார்வைக்குத் தொடர்பற்றவையாகத் தோன்றும் இக்கேள்விகள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே முதல் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

என் தந்தைக்கு வயது 67. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தது. எக்கோ பரிசோதனையில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் வெளியேற்றும் பங்கு) 30 சதவீதம் என்று இருக்கிறது. மாலையானால் இரண்டு கால்களும் வீங்கிவிடுகின்றன. இதயம் குறைவாக இரத்தம் அனுப்பினால் உடல் வற்றத்தானே வேண்டும், ஏன் வீங்குகிறது?
*– வாசகர், விருதுநகர்*

உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. இதயத்தின் தளர்ச்சி மட்டும் இதில் காரணமாக இருந்திருந்தால் இவ்வளவு நீர் சேர்ந்திருக்காது. அந்தத் தளர்ச்சியை உடல் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதில்தான் வீக்கத்தின் காரணம் இருக்கிறது.

கழுத்தில் கரோடிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இதயத் தசை எந்த நிலையில் இருக்கிறது என்பது இவற்றுக்குத் தெரியாது. தமனியின் சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு விரிகிறது என்பது மட்டுமே தெரியும். விரிவு குறைந்தால் இவை மூளைத்தண்டுக்கு அனுப்பும் சமிக்ஞையும் குறைகிறது. அதை மூளை, உடலில் இரத்தம் குறைந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறது. மனித இனம் கடந்துவந்த நெடுங்காலத்தில் தமனி அழுத்தம் திடீரென்று விழுந்ததென்றால், பெரும்பாலும் காயத்தில் இரத்தம் போயிருக்கும், அல்லது வாந்திபேதியிலோ வெயிலிலோ உடல்நீர் வற்றியிருக்கும். இதயத் தசை ஆண்டுக்கணக்கில் நலிந்துகொண்டே போகும் நிலைக்கென்று தனியானதோர் ஏற்பாடு நம் உடலில் அமையவில்லை. ஆகவே, இரத்தப்போக்குக்குச் செய்ய வேண்டியதையே உடல் இங்கும் செய்கிறது.

முதலில் நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. பரிவு நரம்பு மண்டலம் தன் நரம்பு முனைகளில் நார்அட்ரினலினைக் கொட்டுகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் உடன் சேர்ந்துகொள்கிறது. இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது, தோலுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இதயத்தை அமைதிப்படுத்தி வைத்திருக்கும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்திக்கொள்கிறது. இவையெல்லாம் சில நொடிகளுக்குள் நடந்து முடிகின்றன.

அடுத்தது சிறுநீரகத்தின் முறை. ஓய்வில் இருக்கும்போது இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பெறும் உறுப்பு அது. வரத்து குறைந்தால் உடனே உணர்ந்துவிடும். அது ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, கிடைக்கும் துண்டை முக்கியமாக நுரையீரலின் இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள மற்றொரு நொதி மீண்டும் வெட்ட, ஆஞ்சியோடென்சின் 2 உருவாகிறது. இது இரத்தக்குழாய்களைக் கடுமையாகச் சுருக்குகிறது, தாகத்தைத் தூண்டுகிறது, அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை வெளிவரச் செய்கிறது. சிறுநீரில் போக வேண்டிய சோடியத்தை ஆல்டோஸ்டிரோன் தடுத்து உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. சோடியம் இருக்கும் இடத்தில் நீரும் தங்கும். இவை போதாதென்று, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து வாசோபிரசின் வெளிவந்து, சிறுநீரகம் நீரை வெளியேற்றுவதையும் குறைத்துவிடுகிறது.

உண்மையில் இரத்தம் போயிருந்தால் இந்த ஏற்பாடு உயிரைக் காப்பாற்றியிருக்கும். உங்கள் தந்தைக்கோ ஒரு துளி இரத்தமும் போகவில்லை. சேமித்த நீர் நிரப்புவதற்கு வெற்றிடம் எதுவும் இல்லாததால் அது சிரைகளில் தேங்கி, பகலில் கால்களுக்குக் கசிகிறது. படுத்தபின் அதே நீர் இரத்த ஓட்டத்துக்குத் திரும்பி நுரையீரலில் நெரிசலை உண்டாக்குவதால்தான், இத்தகைய நோயாளிகள் நடு இரவில் மூச்சுத்திணறி எழுந்து உட்காருகிறார்கள்.

வீக்கத்தோடு இது முடிந்திருந்தால்கூடப் பெரிய கேடில்லை. மணிக்கணக்கில் இயங்க வேண்டிய ஏற்பாடு மாதக்கணக்கில் இயங்கும்போது அது இதயத்தையே அரிக்கிறது. ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டிரோனும் இதயத் தசையைத் தடிக்கச் செய்து, தசை நார்களுக்கிடையே தழும்புத் திசுவை வளர்க்கின்றன. நீள்வடிவில் இருக்க வேண்டிய இடது கீழறை பந்துபோல் உருண்டு விரிகிறது. நார்அட்ரினலின் அளவுக்கு மீறினால் தசைச் செல்களுக்கு அதுவே நஞ்சாகி, தாறுமாறான துடிப்புகளையும் கிளப்புகிறது. 1984ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜே கோன் தம் குழுவினருடன் 106 நோயாளிகளின் இரத்தத்தில் நார்அட்ரினலினை அளந்து, அது கூடியவர்கள் விரைவில் இறந்தார்கள் என்று காட்டினார். இதயம் மேலும் தளர, எச்சரிக்கை மேலும் உரக்க ஒலிக்க, அதனாலேயே இதயம் இன்னும் தளர்கிறது. இன்று இந்நோய்க்குத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை இந்தச் சுழலை எங்கோ ஓரிடத்தில் அறுப்பவை.

ஒரு குறிப்பு: இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையாலும், சிறுநீரகக் கோளாறாலும், கால் சிரைகளின் பழுதாலும் வீக்கம் வரலாம். எல்லா வீக்கத்தையும் இதயத்தின் தலையில் கட்டிவிடாமல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நீர் மாத்திரை மட்டும் போதாதா? அது கொடுத்தால் மறுநாளே வீக்கம் வடிந்துவிடுகிறதே.
*– வாசகி, ஈரோடு*

மூச்சுத்திணறலையும் வீக்கத்தையும் ஃபுரோசமைடு, டார்சமைடு போன்ற நீர் மாத்திரைகள் அளவுக்கு விரைவாகத் தணிப்பது வேறில்லை. ஆனால் அவை தேங்கிய நீரை வடிக்கின்றனவே தவிர, நீரைச் சேர்க்கச் சொல்லும் கட்டளையை நிறுத்துவதில்லை. உள்ளதைச் சொன்னால், நீர் குறையக் குறையச் சிறுநீரகம் இன்னும் அதிக ரெனினைச் சுரக்கிறது. எனவே அவற்றை மட்டும் நம்பி இருப்பது, கூரை ஒழுகும்போது வாளியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதைப் போன்றது.

என் கணவருக்கு இதயம் பலவீனம் என்று சொல்லிவிட்டு, இதயத் துடிப்பைக் குறைக்கும் கார்விடிலால் மாத்திரையைத் தருகிறார்கள். ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் களைப்பு அதிகமாகிவிட்டது. பலவீனமான இதயத்தை இன்னும் அடக்கலாமா? நிறுத்திவிடட்டுமா?
*– வாசகி, தஞ்சாவூர்*

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. ஆனால் கேள்வியைக் கேட்டதற்காகத் தயங்க வேண்டாம், ஏனென்றால் மருத்துவ உலகமே பல பத்தாண்டுகள் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மாணவனாக இருந்தபோது இதயச் செயலிழப்புக்குக் கார்விடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் என்று தேர்வில் எழுதியிருந்தால் மதிப்பெண் மட்டுமல்ல, மரியாதையும் போயிருக்கும்.

சுவீடனின் கோதன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1975இல், தசை நலிந்த இதயத்துடன் வேகமான துடிப்பும் கொண்டிருந்த ஏழே ஏழு நோயாளிகளுக்கு இவ்வகை மருந்தைக் கொடுத்து, நிலை தேறுவதைக் கண்டு எழுதினார்கள். நம்பியவர்கள் மிகச் சிலர். 1999இல் பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் ஆகிய மருந்துகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன; இரண்டிலும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஏழு பேரிலிருந்து அங்கு வந்து சேர 24 ஆண்டுகள் ஆயின.

இதற்கு நேர்மாறான வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். சுருங்கும் வலுவைக் கூட்டும் மில்ரினோன் மாத்திரையை நாள்தோறும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வெளியானது. மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களைவிட மில்ரினோன் பெற்றவர்களில் இறப்பு 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. பாரம் இழுத்துக் களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் நாலடி வேகமாக நடக்கும். பிறகு முட்டி போட்டுவிடும். நார்அட்ரினலின் ஓயாமல் இதயத்தைக் குத்திக்கொண்டிருப்பதால் இதயச் செல்களே அந்தத் தூண்டலை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கின்றன என்பது 1982லேயே தெரியவந்தது. காதருகே ஒருவர் கத்திக்கொண்டே இருந்தால் நாம் காதைப் பொத்திக்கொள்வதில்லையா? பீட்டா பிளாக்கர் அந்தத் தார்க்குச்சியைத் தடுத்து, தசை தன்னைச் சீர்செய்துகொள்ள அவகாசம் தருகிறது.

அதற்காக நரம்பை எப்படி அடக்கினாலும் நன்மைதான் என்று எண்ணிவிடக் கூடாது. மூளையிலேயே பரிவு நரம்பின் வேகத்தைத் தணிக்கும் மாக்சோனிடின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது இறப்பு கூடியதால், அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. தளர்ந்த இதயம் அந்நேரத்தில் ஓரளவு அந்தத் தூண்டலையே பற்றி நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலக்க வேண்டும். கார்விடிலாலை 3.125 மில்லிகிராம் என்ற சிறு அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டு போவதன் காரணம் இதுவே. முதல் வாரங்களில் களைப்பு கூடுவது எதிர்பார்க்கக்கூடியது. இதயம் வலுப்பெறுவது தெரிய மாதங்கள் ஆகும். மயக்கம், மூச்சுத்திணறல், வேகமாக ஏறும் எடை ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, நீர் மாத்திரையைக் கூட்டுவதா என்று அவர் முடிவு செய்வார்.

அம்மாவுக்கு ஐந்தாண்டுகளாக இதயச் செயலிழப்பு. சென்ற வாரம் சோடியம் 126தான் இருக்கிறது, உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்றார்கள். அதே மருத்துவர் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கவும் சொல்கிறார். எது சரி? உப்புக் கரைசல் கொடுக்கலாமா?
*– வாசகர், திருநெல்வேலி*

கொடுக்கக் கூடாது. இந்தக் குழப்பத்துக்கு உங்களைவிட எங்கள் பேச்சுவழக்கே பொறுப்பு. ‘உப்பு குறைந்துவிட்டது’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பரிசோதனைச் சீட்டில் உள்ள எண் உடலில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. ஒரு லிட்டரில் எவ்வளவு என்பதைத்தான் காட்டுகிறது. இயல்பான அளவு 135 முதல் 145 வரை. அளவாக உப்பிட்ட ரசத்தில் இரண்டு குவளைத் தண்ணீரை ஊற்றினால் ரசம் சப்பென்று ஆகிவிடும். ஆனால் போட்ட உப்பு எங்கும் போய்விடவில்லை. உங்கள் தாயாருக்குக் கால் வீக்கமும் இருக்குமானால், அவர் உடலில் மொத்தச் சோடியம் தேவைக்கு மேல்தான் இருக்கும். நீர் அதைவிடக் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்பதே பொருள்.

நீரைச் சேர்ப்பது முன்பு சொன்ன வாசோபிரசின். இயல்பான உடலில் இரத்தம் சற்று நீர்த்தாலே இதன் சுரப்பு நின்றுவிடும். தமனி அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று மூளை நம்பும்போது, நீர்த்துப்போனதைப் பொருட்படுத்தாமல் சுரந்துகொண்டே இருக்கும். உயிரா, நீர்ச் சமநிலையா என்று வந்தால் உடல் உயிரின் பக்கம் நிற்கிறது. இங்கே அந்தக் கணக்கும் தப்பான தகவலின் பேரில் போட்ட கணக்கு. போதாக்குறைக்கு ஆஞ்சியோடென்சின் தாகத்தையும் தூண்டுகிறது. ‘நாக்கு வறளுது’ என்று அம்மா கேட்பது பிடிவாதம் அல்ல, ஹார்மோன் கேட்கிறது. இந்நிலையில் உப்புக் கரைசல் கொடுத்தால் தாகமும் நீரும் கூடி நுரையீரல் நிரம்பும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. நீர் மாத்திரை மிகுந்துபோய், வீக்கம் அறவே இல்லாமல், நாடி தளர்ந்து, உடல் உண்மையிலேயே வற்றியிருந்தால் சிகிச்சை வேறு. இரண்டையும் பிரித்தறிய நோயாளியை நேரில் பரிசோதிக்க வேண்டும். சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

வாசோபிரசினைத் தடுக்கும் டால்வாப்டான் என்ற மருந்து சோடியத்தின் எண்ணை உயர்த்துகிறது. ஆயினும் 2007இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் அது ஆயுளை நீட்டவில்லை. எண் குறைந்தது நோயின் கடுமைக்கு அடையாளம். அடையாளத்தை மட்டும் திருத்திப் பயனில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது, மருத்துவர் சொன்ன நீரின் அளவுக்குள் காப்பி, மோர், ரசம், கஞ்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. தாயார் பேச்சில் தடுமாறினாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எனக்கு இரத்த அழுத்தம் 105/70தான். ஆனாலும் பி.பி. மாத்திரையான எனலாபிரிலைத் தருகிறார்கள். போதாததற்கு வறட்டு இருமல் வேறு.
*– வாசகர், திண்டுக்கல்*

உங்களுக்கு அது பி.பி. மாத்திரையாகத் தரப்படவில்லை. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுப்பதே நோக்கம். பிரேசில் நாட்டுக் குழிவிரியன் வகைப் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பம் இது. கடித்தவுடன் இரத்த அழுத்தம் ஏன் சரிகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய பாதை, 1981இல் கேப்டோபிரில் மாத்திரையாக அமெரிக்க மருந்துக்கடைகளுக்கு வந்தது. 1987இல் வட ஐரோப்பிய நாடுகளில், படுக்கையோடு படுக்கையாகிவிட்ட நிலையிலிருந்த 253 நோயாளிகளிடம் எனலாபிரில் சோதிக்கப்பட்டது. ஆறு மாதத்தில் போலி மாத்திரை பெற்றவர்களில் 44 சதவீதத்தினரும், எனலாபிரில் பெற்றவர்களில் 26 சதவீதத்தினரும் இறந்தனர். தலைசுற்றலோ, சிறுநீரகத்தில் பாதிப்போ இல்லாத வரை 105 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இம்மருந்து தடுக்கும் நொதி, பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையையும் செய்து வந்தது. அது சிதையாமல் தேங்குவதால் சிலருக்கு இருமல் வருகிறது. லோசார்டன், வால்சார்டன் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும், மருத்துவரிடம் கேளுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

என்.டி.-புரோ-பி.என்.பி. என்று ஓர் இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார்கள். அது இதயம் சுரக்கும் ஹார்மோன் என்றார் ஆய்வகத்தில் இருந்தவர். இதயம் எப்படிச் சுரக்கும்?
*– வாசகி, புதுச்சேரி*

அவர் சொன்னது சரி. கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் என்ற ஆய்வாளர் எலியின் இதய மேலறைத் திசுவின் சாற்றை மற்றோர் எலிக்குச் செலுத்தியபோது, அது ஏராளமான சிறுநீரையும் சோடியத்தையும் கழித்தது. 1981இல் வெளியான அந்த ஆய்வுதான் இதயமும் ஒரு நாளமில்லாச் சுரப்பி என்று காட்டியது. ஏழாண்டுகள் கழித்து ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையில் இதன் உறவுப் பொருளைக் கண்டு ‘மூளை’ என்ற அடைமொழியோடு பி.என்.பி. என்று பெயரிட்டுவிட்டார்கள். உண்மையில் அதை மிகுதியாகச் சுரப்பது இதயத்தின் கீழறைகள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இரத்தம் தேங்கிச் சுவர் இழுபடும்போது இதயம் விடுக்கும் மறுப்புக் குரல் இது: குழாய்களைத் தளர்த்து, உப்பை வெளியேற்று, ரெனினை அடக்கு என்கிறது. எதிரணியின் கூச்சல் பெரிது என்பதால் இந்தக் குரல் எடுபடுவதில்லை. இரத்தத்தில் இதன் அளவு உயர்ந்திருப்பது, இதயம் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதற்குச் சான்று. வயதானாலும் சிறுநீரகம் பழுதானாலும் அளவு கூடும், உடல் பருத்தவர்களுக்குக் குறைத்தே காட்டும் என்பதையும் மருத்துவர் கருத்தில் கொள்வார்.

இந்த ஹார்மோனை அழிக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியைத் தடுத்தால் மறுப்புக் குரல் வலுப்பெறும் அல்லவா? சாகுபிட்ரில் அதைத்தான் செய்கிறது. வால்சார்டனோடு சேர்த்து அதைக் கொடுத்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. இதயநோய் இறப்பும், இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்வதும் சேர்ந்த கணக்கில் எனலாபிரிலைவிட 20 சதவீதம் குறைவு. எனலாபிரில் வகையிலிருந்து இதற்கு மாறுபவர்கள் இடையில் 36 மணி நேரம் விட வேண்டும். இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கும் அபாயம் உண்டு.

எனக்குச் சர்க்கரை நோயே இல்லை. டப்பாகிளிஃப்ளோசின் ஏன்?
*– வாசகர், கோயம்புத்தூர்*

சர்க்கரை மருந்தாகப் பிறந்தது, இதய மருந்தாகவும் வளர்ந்துவிட்டது. சர்க்கரை நோய் இருப்பவர், இல்லாதவர் இருவருக்கும் ஒரே அளவில் உதவுகிறது என்று 2019இல் தெரிந்தது. இ.எஃப். இயல்பாக இருந்தும் இதயம் விறைத்துப்போய்ச் செயலிழக்கும் நோயாளிகளுக்கு மேலே சொன்ன ஹார்மோன் தடுப்பு மருந்துகள் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. இம்மருந்து அவர்களுக்கும் பயன்படுகிறது.

ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் ராமிபிரிலும் சாப்பிடுகிறேன். உப்பைக் குறைக்கச் சொன்னதால், கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கினோம். வெயிலுக்கு இளநீரும் குடிக்கிறேன். மூட்டுவலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக். சரிதானா?
*– வாசகர், மதுரை*

அந்த உப்பு, இளநீர், வலிமாத்திரை மூன்றும் சரியில்லை; மூன்றும் சேர்ந்தால் விபரீதம். ஆல்டோஸ்டிரோன் சோடியத்தைப் பிடித்து வைக்கும்போது பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. ஸ்பைரோனோலாக்டோன் அந்த ஹார்மோனைத் தடுத்து இதயத்துக்கு நன்மை செய்கிறது. கடுமையான நோயாளிகளிடம் இறப்பை 30 சதவீதம் குறைத்ததாக 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதே காரணத்தால் பொட்டாசியம் உடலிலேயே தங்குகிறது. எனலாபிரில் வகையைச் சேர்ந்த ராமிபிரிலும் ஆல்டோஸ்டிரோனைக் குறைப்பதால் அதே பக்கம் தள்ளுகிறது. நீங்கள் வாங்கிய உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்த்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. அளவு மீறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலிமாத்திரைகள், சுருங்கிக்கிடக்கும் சிறுநீரகக் குழாய்களை விரித்துப் பிடித்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின்களைத் தடுக்கின்றன. அதனால் உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் ஏறும். மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் உங்களுக்கு ஏற்றதா, எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் ஆகியவற்றை ஒதுக்கினாலே பெரும்பகுதி குறைந்துவிடும். பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மார்பகத்தில் வலியோ வீக்கமோ தோன்றினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் ஆண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது வரும், அதற்கு மாற்றாக எப்லெரினோன் இருக்கிறது.